பழைய மேசைக்கணினியில் வன்தட்டுகளை இணைத்தல்

2003-ஆம் ஆண்டையொட்டி சாட்டா வகை பரவும் வரை, மேசைக்கணினிகளில் வன்தட்டும் சிடி டிரைவும் பெரும்பாலும் ஐடிஇ எனப்படும் பட்டைக் கேபிளால் தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டன. ஒரு கேபிளில் இரண்டு கருவிகளைப் பொருத்தலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இப்பெயர்கள் குழப்பம் தருபவை. ஒன்று மற்றொன்றை ஆள்வதில்லை, இவை வெறும் அடையாளங்களே.

எது மாஸ்டர் என்பதை வன்தட்டின் பின்புறமுள்ள ஜம்பர் எனும் சிறு செருகி முடிவுசெய்கிறது. இரண்டும் மாஸ்டராக இருந்தால் பயாஸ் அவற்றைச் சரியாக அடையாளம் காணாமல் போகலாம். எனவே பழைய படங்களும் கணக்குகளும் உள்ள வன்தட்டு திரையில் தெரியவில்லை என்றால், அது பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுமுன் ஜம்பரைப் பார்க்க வேண்டும். சரியான அமைப்பு பெரும்பாலும் வன்தட்டின் மேலுள்ள ஒட்டுத்தாளிலேயே இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல வன்தட்டுகளில், கேபிளில் தனியாக இருக்கும்போது வைக்கவேண்டிய அமைப்பு மாஸ்டர் அமைப்பிலிருந்து வேறுபடும்.

80 கம்பிக் கேபிளில் நீல முனை தாய்ப்பலகைக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும், நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கும் உரியவை. ஜம்பரை 'கேபிள் செலக்ட்' நிலையில் வைத்தால் இந்த இடமே அடையாளத்தைத் தீர்மானிக்கும். ஒரே ஒரு வன்தட்டு என்றால் கறுப்பு முனையில் பொருத்துவதே நல்லது. கேபிளின் சிவப்பு ஓரம் முதல் ஊசியைக் காட்டும்.

கொள்ளளவிலும் ஓர் ஆபத்து உண்டு. 28 பிட் முகவரி முறையால் 137 ஜிபி வரையே எட்ட முடியும். 48 பிட் முறையை அறியாத கணினியில் அதைவிடப் பெரிய வன்தட்டை மாட்டி எழுதினால், ஏற்கெனவே உள்ள கோப்புகள் சிதையக்கூடும். பழைய வன்தட்டை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், கோப்புகள் தேவைப்படும்வரை மறுத்துவிட வேண்டும்.