கல் முந்தியா, கணக்கு முந்தியா?

சாலை வேண்டாமென்று சொல்லுகிறவர் சேலம் நாமக்கல் சீமையில் ஒருவருமில்லை. லாரிக்குக் கூடு கட்டுவதையும், லாரி ஓட்டுவதையும், கோழி முட்டையை அதிலேற்றித் தூரதேசங்களுக்கு அனுப்புவதையும் ஜீவனோபாயமாகக் கொண்ட நாமக்கல் வாசிகளுக்குச் சாலையின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சாலையின் கொடுமையையும் அவர்கள் நன்கறிவார்கள். ஆகவே, எட்டு வழிச்சாலை விஷயத்தில் நம் குடியானவர்கள் செய்த கிளர்ச்சியை, அபிவிருத்தியை வெறுக்கும் அறியாமையென்று தூற்றியவர்களின் கூற்றை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. குடியானவர்கள் கேட்டது மிகவும் சாதாரணமான ஒரு கேள்வி. கல் நடுவது முந்தியா, நஷ்டக் கணக்குப் பார்ப்பது முந்தியா என்பதே அது.

விஷயத்தைச் சுருக்கமாக நினைவூட்டுவோம். சென்னையிலிருந்து சேலத்திற்குச் சுமார் 277 கிலோ மீட்டர் நீளத்தில், ஏறக்குறைய ரூ. 10,000 கோடி செலவில், புதிதாக ஒரு பெருஞ்சாலை அமைக்கப்போவதாக 2018-ம் வருஷத்தில் அறிவிக்கப்பட்டது. காஞ்சீபுரம், திருவண்ணாமலை முதலிய ஜில்லாக்களைக் கடந்து, மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம் ஜில்லாவில் பிரவேசித்து அரியானூரில் அது முடிவதாக ஏற்பாடு. மலையடிவாரக் கிராமங்களில் ஆற்றுப் பாசனமில்லை, கிணறுதான் தெய்வம். பாட்டன் வெட்டி, தகப்பன் ஆழப்படுத்தி, மகன் கடன் வாங்கி மோட்டார் வைத்த கிணற்றை நம்பியே தென்னையும் பாக்கும் மாவும் நிற்கின்றன. கிணறு சாலைக்கு இந்தப் பக்கமும் நிலம் அந்தப் பக்கமுமாகப் போய்விட்டால், பறிபோனது ஒரு காணியாயினும் பாழாவது முழுப் பண்ணையுமே. நஷ்டஈடு கொடுக்கும் அதிகாரியின் கணக்கில் இந்தப் பாழ் அத்தனையும் ஏறுவதில்லை.

அவ்வருஷத்துக் கோடையில் போலீஸ் பந்தோபஸ்துடன் வயல்களில் அளவுக்கற்கள் நடப்பட்டன. மறித்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அப்பொழுது சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றிய ஆய்வு முடியவில்லை. சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுக்கப்படவில்லை. பட்டா கணக்குகளில் மட்டும் சொந்தக்காரன் பெயர் மாறத் தொடங்கிற்று.

கோர்ட்டுகள் சொன்னதைத் தொண்டர்கள் கவனமாக அறிந்து கொள்ளுதல் அவசியம். 2019-ம் வருஷம் ஏப்ரல் 8-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டார், சுற்றுச்சூழல் அனுமதி முன்னதாகப் பெற வேண்டுமென்று கூறி, நில எடுப்பு அறிவிப்புகளை ரத்துச் செய்தார்கள். 2020-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அதனை மாற்றினார்கள். நிலம் எடுக்கும் எண்ணத்தை வெளியிடும் அறிவிப்புக்கு அனுமதி முன்னதாக வேண்டியதில்லை, வேலை ஆரம்பிக்குமுன் அனுமதி இருந்தால் போதும் என்பது அவர்கள் தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பில், அறிவிப்பு வந்த மாத்திரத்திலேயே பட்டாவை மாற்றியது சட்டவிரோதமென்பதையும் உறுதி செய்தார்கள். இந்தப் பாகத்தை மேடைகளில் எடுத்துச் சொல்லுவோர் மிகச் சிலரே.

தீர்ப்பின் சட்ட நியாயத்தோடு நாம் வாதாட விரும்பவில்லை. நடைமுறை என்னவென்று மட்டும் கேட்கிறோம். வழி குறித்தாகிவிட்டது, நிலம் அளந்தாகிவிட்டது, பணம் ஒதுக்கியாகிவிட்டது. அதன்பின் நடக்கும் ஆய்வு “இந்தச் சாலை வேண்டாம், வேறு வழி உண்டு” என்று சொல்லுமென எதிர்பார்க்க முடியுமா? தாலி கட்டியபின் ஜாதகம் பார்ப்பது போன்றதே இது. அமெரிக்காவில் 1970-ம் வருஷ ஆரம்பத்தில் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, உத்தேசித்த வேலைக்கு மாற்று வழிகள் யாவை என்பதையும் ஆய்வில் விவரித்தாக வேண்டும். நமது 1956-ம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலத்துக்குடையவர் ஆட்சேபம் சொல்ல 21 நாள் உண்டு, அவ்வளவே. நிலம் எடுப்பதற்கென்று 2013-ம் வருஷத்தில் வந்த புதிய சட்டத்தில் சமூகப் பாதிப்பு ஆய்வு ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்தை அவ்வாய்விலிருந்து அதே சட்டம் விலக்கி வைத்துவிட்டது!

மாற்று வழி இல்லையா என்றால், கண் முன்னேயே இருக்கிறது. சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர் மார்க்கமாக உளுந்தூர்ப்பேட்டை சேரும் 136 கிலோ மீட்டர் சாலை சென்னைக்குப் போகும் ராஜபாட்டை. அதை நான்கு வழியாக்கியபொழுது, ஊர்களைச் சுற்றிப்போகும் புறவழிச்சாலைகளை மட்டும் இரண்டு வழியாக விட்டுவிட்டார்கள். நான்கு வழியில் பாய்ந்து வந்த வண்டி திடீரென்று குறுகிய பாதையில் நுழைந்து எதிர்வண்டியின் முகத்தில் மோதுவது வழக்கமாயிற்று. மாண்டவர்களுக்குக் குறைவில்லை. பல வருஷ முறையீட்டுக்குப் பின்னரே அவற்றையும் அகலப்படுத்த ஏற்பாடு நடந்தது. நெருக்கடியும் விபத்தும்தான் புதுச்சாலைக்குக் காரணமென்றால், இருக்கிற சாலையின் குறையை முதலில் தீர்த்துவிட்டு, மிச்சமுள்ள நெருக்கடி எவ்வளவென்று பிறகல்லவோ கணக்கிட வேண்டும்?

இருக்கிற சாலையை அகலப்படுத்துவதும் தீங்கற்ற காரியமென்று நாம் சொல்ல வரவில்லை. 2013-ம் வருஷத்தில் விதி திருத்தப்பட்டபின், நூறு கிலோ மீட்டருக்கு மேற்படாத விஸ்தரிப்புக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. வருஷந்தோறும் மகசூல் ஏலம் போன சாலையோரப் புளியமரங்கள் எத்தனையோ சொல்லாமற் கொள்ளாமல் சாய்ந்தன. திருமணிமுத்தாற்றிலும் வசிஷ்ட நதியிலும் சேரவேண்டிய ஓடைத் தண்ணீர், உயர்த்திய சாலைக் கரையில் முட்டிக்கொண்டு வயலில் தேங்கினால் கேட்பார் யார்? பெரிய சாலைக்கு ஆய்வு பிந்தி வருகிறது. சிறிய விஸ்தரிப்புக்கு வருவதேயில்லை.

நிற்க. நம்மவர் கையில் ஆயுதமே இல்லையென்று எண்ணி விடலாகாது. 2006-ம் வருஷத்து விதிகளின்படி, இத்தகைய வேலைகளுக்குக் கலெக்டர் முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தாக வேண்டும். 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்யவேண்டும். வந்தவர் எவரும் கேள்வி கேட்கலாம். நடவடிக்கைக் குறிப்பை அக்கூட்டத்திலேயே பிராந்திய பாஷையில் படித்துக் காட்ட வேண்டும். ஆனால் பல நூறு பக்க அறிக்கை இங்கிலீஷிலேயே இருக்கும். அதன் சுருக்கம் மட்டும் தமிழில் கிடைக்கும். இங்கிலீஷ் பாஷையிலேயே தொழில் நடத்தும் வக்கீல்களுக்குங்கூட அவ்வறிக்கைகள் எளிதில் பிடிபடுவதில்லையென்றால், பூலாவரிக் குடியானவன் என் செய்வான்? இவ்விதிகளுக்குப் பதிலாக 2020-ம் வருஷத்தில் வந்த வரைவு இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மாத்திரம் வெளியானபோது, அதை 22 தேச பாஷைகளிலும் மொழிபெயர்க்கும்படி டில்லி ஹைக்கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். வரைவுக்கு உள்ள நியாயம், நிலத்தைப் பறிக்கும் அறிக்கைக்கு இல்லையா? கிணறு எத்தனை, மரம் எத்தனை, ஓடை எத்தனை என்று கிராமவாரியாகத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சாவடியிலும் வைக்கும்படி தொண்டர்கள் கேட்க வேண்டும். சர்க்கார் எண்ணாவிட்டால், அவர்களே எண்ணி எழுதி வைக்க வேண்டும்.

கல்லைப் பிடுங்க ஆயிரம் பேர் திரண்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கும் அவ்வளவு பேர் எழுத்து மூலமான கேள்விகளோடு வரவேண்டும். அக்கூட்டத்திற்கு இத்தனை பேர் வந்தாக வேண்டுமென்ற நியதி எதுவும் விதியில் இல்லை. நாற்காலிகள் காலியாயிருந்தாலும், கூட்டம் முறைப்படி நடந்ததாகவே குறிப்பெழுதி டில்லிக்கு அனுப்பிவிடுவார்கள்.