மூடிய ஆலை நிலத்தில் பூங்கா வேண்டுமா? முதலில் மண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள்

ஊருக்கு நடுவே ஆலை மூடிக் கிடந்து, சீமைக்கருவேலம் மண்டிவிட்டால் மக்கள் பூங்கா கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. மழைத்தண்ணீர் இறங்கத் திறந்த மண்ணே இல்லாத நகரங்களில் பத்து ஏக்கர் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் கேட்கும் முறைதான் தவறாக இருக்கிறது. வெள்ளைத்தாளில் நூறு கையெழுத்து வாங்கி, கவுன்சிலரிடம் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மனுவில் புல எண் இல்லை, கையில் ரசீதும் இல்லை. அது எந்த மேசையிலும் நிற்காது.

இதைவிட மோசம், உடைந்த மதில் வழியே டிராக்டர் விட்டு அந்த மண்ணை அள்ளி, வீட்டு மனைக்கு நிரப்புவது. தயவுசெய்து செய்யாதீர்கள். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்த குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கி, தண்ணீரே மஞ்சளாக வந்தது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் கலந்த பாதரசத்தை எந்த அளவுக்கு அகற்றுவது என்ற வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பழைய எரிவாயு ஆலை நிலத்தை 1975-ல் பூங்காவாகத் திறந்தார்கள். மண்ணில் நச்சு இருக்கிறதென்ற கவலையால் 1984-ல் சில மாதங்கள் அதைப் பூட்டவேண்டி வந்தது. மரக்கன்று நடுவதால் மண் சுத்தமாகிவிடாது.

முதல் வேலை, நிலம் யாருடையது என்று பார்ப்பது. புல எண்ணை வைத்து அ-பதிவேடு, பட்டா, புலப்படம் மூன்றையும் எடுங்கள். அடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஆலைக்குத் தந்த இசைவாணை, அபாயக் கழிவு அனுமதி, மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "கோப்பு கிடைக்கவில்லை" என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

நச்சு இருக்கும் என்று சந்தேகம் இருந்தால், 2025-ல் வந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளைக் குறிப்பிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு வாரியத்துக்கு அனுப்புவது மாவட்ட நிர்வாகத்தின் கடமை. அவர்களாகச் செய்வார்கள் என்று காத்திருந்தால் காத்திருப்பதுதான் மிச்சம். சுத்தப்படுத்தும் செலவு மாசுபடுத்தியவரைச் சேர்ந்தது. பாழான சூழலை மீட்டுத்தரக் கோரித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போக 5 ஆண்டுதான் அவகாசம். பலரும் அதைத் தவறவிட்ட பிறகே வக்கீலைத் தேடுகிறார்கள்.

நிலம் தனியாருடையது என்றால் மனுப் போட்டு முழுவதையும் பூங்காவாக்க முடியாது. ஆனால் தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்பாக மாற்றும்போது செய்தித்தாளில் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வரும். கெடு முடிவதற்குள் எழுதுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டினால், சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பணம் கட்டித் தப்ப வழியில்லை. அந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் பில்டர் கார் நிறுத்தம் போட்டிருந்தால் ஆணையருக்கு உடனே எழுதுங்கள்.

எந்த மனுவானாலும் புல எண் குறிப்பிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை அங்கே குழந்தைகளை விளையாட விடாதீர்கள், ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதீர்கள்.