மீன்பிடிப் படகு மின்கலம்

மீன்பிடிப் படகு மின்கலம் என்பது படகின் எஞ்சினைத் தொடக்கவும், விளக்கு, வானொலி, வழிகாட்டிக் கருவிகளை இயக்கவும் பயன்படும் மின்கல அடுக்கு ஆகும். மீனவர்கள் இதைப் ‘பேட்டரி’ என்றே அழைக்கின்றனர். தரையில் பேட்டரி இறங்கிவிட்டால் வேறொரு வண்டியிலிருந்து இணைப்புக் கொடுத்துச் சமாளிக்கலாம். நடுக்கடலில் அந்த வழி எளிதில் கிடைக்காது.

முக்கியத்துவம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. 2019-இல் ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாகப் புயல் எச்சரிக்கையைப் பெற்று அலைபேசியில் காட்டும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. ஒரு இலட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இத்தகைய கருவிகள் எல்லாவற்றுக்கும் மின்னூட்டம் தேவை.

வகைகள்

* தொடக்க மின்கலம்: மெல்லிய ஈயத்தகடுகள் பல கொண்டது. சில நொடிகளுக்கு மிகுந்த மின்னோட்டம் தரும். லாரி பேட்டரி இவ்வகையே. அடிக்கடி முழுவதும் இறங்கினால் விரைவில் கெடும்.
* ஆழ்சுழற்சி மின்கலம்: தடித்த தகடுகள் கொண்டது. பல மணி நேரம் சீராக மின்சாரம் தரும். விளக்கு, கருவிகளுக்கு ஏற்றது.
* லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம்: எடை குறைவு, கொள்ளளவில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். விலை அதிகம். இதற்குரிய மின்னேற்றியும் பாதுகாப்புச் சுற்றும் வேண்டும்.

விசைப்படகில் எஞ்சினுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று எனத் தனித்தனியே வைப்பது நல்லது. இரவு முழுவதும் விளக்கு எரிந்தாலும் காலையில் எஞ்சின் தொடங்கும். கயிறு இழுத்தோ கைப்பிடி சுற்றியோ எஞ்சினைத் தொடக்கும் ஃபைபர் படகுக்கு ஓர் ஆழ்சுழற்சி மின்கலம் போதும்.

கொள்ளளவைக் கணக்கிடுதல்

ஒவ்வொரு கருவியின் மின்னோட்டத்தையும் (ஆம்பியர்) அது இயங்கும் நேரத்தால் (மணி) பெருக்க வேண்டும். 12 வோல்ட் படகு ஒன்றில் 10 மணி நேர இரவுப் பயணத்திற்கான எடுத்துக்காட்டு:

* விளக்குகள் 20 வாட்: 1.7 ஆம்பியர் × 10 = 17 ஆம்பியர்-மணி
* ஜி.பி.எஸ்., எதிரொலிமானி: 1 × 10 = 10
* வானொலி, கேட்கும் நிலையில்: 0.5 × 10 = 5
* வானொலியில் பேச, மொத்தம் அரை மணி: 5 × 0.5 = 2.5

கூட்டுத்தொகை ஏறத்தாழ 35. ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் இதை இரட்டிப்பாக்கினால் 70 வரும். காற்று மாறி, திரும்பி வரத் தாமதமாகலாம்; எனவே 100 ஆம்பியர்-மணி மின்கலம் வாங்குவதே பாதுகாப்பு.

பராமரிப்பு

* எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு மின்னூட்டம்; 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழப் பாதி.
* நீர் ஊற்றும் வகையில் தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் அமிலமும் கூடாது.
* முனைகளில் படியும் பூவைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் வாசலின் தடவ வேண்டும். சோடா நீர் மின்கலத்தின் உள்ளே செல்லக்கூடாது.
* மின்கலம் அசையாதபடி பெட்டியில் வார்ப்பட்டையால் கட்டப்பட வேண்டும்.

தடைக்காலத்தில்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. பல பேட்டரிகள் கெடுவது இக்காலத்தில்தான். சும்மா இருக்கும் மின்கலம் தானே மின்னூட்டத்தை இழக்கும். கோடை வெப்பம் அதை விரைவுபடுத்தும். அப்போது தகடுகளில் ஈயச் சல்பேட் கெட்டியாகப் படிந்து கொள்ளளவு குறைகிறது. தடை தொடங்கும்போதே முழுமையாக மின்னேற்றி, இணைப்பைக் கழற்றி, நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை மீண்டும் மின்னேற்றினால் இதைத் தவிர்க்கலாம்.

பாதுகாப்பு

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டம் வேண்டும். அருகில் பீடி, அடுப்பு ஆகாது. கடல்நீர் மின்கலத்தினுள் புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகலாம். ஆகவே படகின் அடியில் நீர் தேங்கும் இடத்தில் மின்கலத்தை வைக்கக்கூடாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் இணைக்க வேண்டும்.

பழைய மின்கலத்தில் உள்ள ஈயமும் அமிலமும் நஞ்சு. அதைக் கடலிலோ மணலிலோ எறியாமல் விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்திய மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு அளிக்கின்றன.