எண்ணும் எழுத்தும் மயங்கினால்

சென்ற பொங்கல் விழாக் கணக்கில் ஏட்டிருப்பைவிடப் பெட்டியிருப்பு 1,499 ரூபாய் குறைந்திருந்தது. நம் பொருளாளர் இரவெல்லாம் கண்விழித்துப் பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணினார். குற்றம் அவருடையதன்று, பி.எச்.பி மொழியில் கணக்கு நிரலை எழுதிய என்னுடையது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்குவது என் கடமை.

சமையற்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை அவர் "1,500" என்று காற்புள்ளியிட்டுப் படிவத்தில் பதிந்தார். நாமெல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம்! ஆனால் படிவத்தில் நிரப்புவது எண்ணேயாயினும், பி.எச்.பியிடம் அது எழுத்துச் சரமாகவே வந்து சேரும். என் கூட்டற் செயற்கூறோ முழு எண்ணை வேண்டுவது. நிரலை எழுதிய நாளிலேயே, வகை பொருந்தவில்லை என்று 'டைப் எரர்' எழுந்தது. நான் செய்தது என்ன? 'இன்ட்' என்னும் வகைமாற்றத்தை முன்னால் இட்டு அதன் வாயை அடைத்தேன். செய்தி மறைந்தது, பிழை மறையவில்லை.

அவ்வகைமாற்றம் சரத்தை முதலிலிருந்து படித்துச் செல்லும். இலக்கமல்லாத குறி குறுக்கிட்டதும் நின்றுவிடும். ஆகவே 1,500 என்பது 1 ஆயிற்று. "பிறகு" என்று எழுதியிருந்தால் 0 ஆகியிருக்கும். எச்சரிக்கை ஒன்றும் வராது.

இனி, செய்யத்தக்கது யாது? முதலாவது, வாயிலிலேயே சோதித்தல். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு, 'ஃபில்ட்டர்_வார்' என்னும் செயற்கூற்றால் முழு எண்தானா என்று பார்க்கவேண்டும். அன்றெனில் 'ஃபால்ஸ்' என்ற விடை வரும். பதிந்தவரிடமே திருப்பிக் கேட்கலாம். 0 என்பதும் முறையான எண்ணே. ஆதலால் விடையை மூன்று சமக்குறியிட்டே ஒப்பிடவேண்டும்.

இரண்டாவது, உள்ளே கண்டிப்பு. 2015இல் வெளிவந்த 7ஆம் பதிப்பு முதல், கோப்பின் தலைப்பில் 'ஸ்ட்ரிக்ட் டைப்ஸ்' என்று அறிவித்தால், அக்கோப்பிலிருந்து செய்யும் அழைப்புகளில் முழு எண் கேட்குமிடத்தில் சரம் ஏற்கப்படாது. 2020இல் வந்த 8ஆம் பதிப்போ, "பிறகு" என்பதை எண்ணோடு கூட்டினாலே டைப் எரர் எழுப்புகிறது. ஆயினும் "1,500"ஐக் கூட்டினால் எச்சரித்துவிட்டு 1 என்றே கொள்ளும். எனவே வாயிற்சோதனை இன்றியமையாதது.

பிழைச் செய்தி பகையன்று. வருமுன் உரைக்கும் நண்பன். அதன் வாயை நான் அடைத்ததால், நேர்மையான ஒருவர் ஓர் இரவு முழுதும் தம்மையே ஐயுற்றார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்கிறேன்.