பார்ப்பவரைக் கேட்டுப் படமெடுத்தல்

1976-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மந்தன்' என்னும் இந்தித் திரைப்படத்தின் தயாரிப்பாளர் யார் என்று எவரேனும் வினவினால், கூட்டுறவாளராகிய நாம் பெருமிதத்துடன் விடை கூறலாம். குஜராத்தின் பால் உற்பத்தியாளர் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் அளித்தனர். அவ்வாறு திரண்ட பத்து லட்சம் ரூபாயைக் கொண்டு சியாம் பெனகல் அப்படத்தை இயக்கினார். படம் வெளிவந்தபோது அவ்விவசாயிகளே கூட்டங்கூட்டமாக வந்து கண்டு மகிழ்ந்தனர். இப்படம் எவருக்காக என்ற கேள்விக்கு அங்கே விடை தேட வேண்டியிருக்கவில்லை.

இன்று நம் தறிக்கூடங்களையும் வயல்களையும் நாடிப் படக்கருவியுடன் வரும் கல்லூரி மாணவர்களின் நிலை வேறு. காட்சித் தொடர்பியல் பயிலும் இவர்கள் ஐந்து அல்லது பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்தல் வேண்டும். இவர்களுள் நம் அங்கத்தினரின் மக்களும் உண்டு. "படம் யாருக்காக?" என்று கேட்டால், "எல்லோருக்காகவும்" என்பதே பெரும்பாலும் அவர்கள் தரும் விடையாகும். எல்லோருக்கும் பொருந்தும் சட்டை என்று ஒன்றை எந்தத் தையற்காரரும் தைப்பதில்லை.

பாவு ஓடி, தறியில் ஏற்றிய பிறகு புடவையின் அகலத்தை மாற்ற இயலாது என்பதை நெசவாளர் அறிவர். விதைத்த பிறகு மண்ணைப் பரிசோதிப்பதால் அந்தப் பருவத்திற்குப் பெரும் பயனில்லை என்பதை விவசாயி அறிவார். படமும் அத்தன்மையதே. பார்ப்பவர் யார், அவர் அறிந்தது என்ன, அறியாதது என்ன என்பதைப் படம்பிடிக்கும் முன்பே கேட்டறிதல் வேண்டும். இதனையே பார்வையாளர் ஆய்வு என்பர்.

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து பெற்ற செயற்கைக்கோளின் உதவியால், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் சமூக ஆய்வாளர்கள் அக்கிராமங்களுக்குச் சென்று மக்களின் தொழில், மொழி, பழக்கவழக்கம் ஆகியவற்றை ஆராய்ந்தனர். சிலர் நெடுநாள் அங்கேயே தங்கினர். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடைபெற்ற ஒளிபரப்புத் திட்டத்தில், ஊர்மக்களே எழுதவும் நடிக்கவும் செய்தனர். விண்வெளியை ஆராயும் நிறுவனத்தாரே மண்ணில் இறங்கி மக்களைக் கேட்டனர் எனில், மாணவர் கேட்பதில் சிறுமை ஏதுமில்லை.

கேட்கும் முறை

ஆயிரம் பேரிடம் வினாத்தாள் கொடுக்கச் சிறிய படத்திற்கு அவசியமில்லை. பார்க்கக் கூடியவர் பத்துப் பன்னிரண்டு பேருடன் அமர்ந்து பொறுமையாகப் பேசினால் போதும். ஆயின் கேள்வியில் கவனம் தேவை. "கைத்தறி பற்றிய படம் எடுத்தால் பார்ப்பீர்களா?" என்று கேட்டால், மரியாதைக்காக யாவரும் "பார்ப்போம்" என்றே சொல்வர், அதனால் அறியத்தக்கது எதுவுமில்லை. "சென்ற முறை புடவை வாங்கியது எப்போது? உடன் வந்தவர் யார்? கடையில் முதலில் எதைப் பார்த்தீர்கள்? கைத்தறிப் புடவையைக் கையில் எடுத்துவிட்டு மீண்டும் வைத்தது உண்டா? ஏன்?" என்று நடந்ததைக் கேட்டால் உண்மை வெளிப்படும்.

எங்கே பார்ப்பர் என்பதும் கேட்கத்தக்கதே. கைப்பேசியில், பேருந்துப் பயணத்தில், ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவருக்கு எழுத்து வரிகள் வேண்டும். தூரத்துக் காட்சிகள் சிறு திரையில் விளங்கா. சங்கத்தின் மகாசபையில் பெரிய திரையில் காட்டுவதாயின் முறை வேறு.

பின்னர்க் கதையை ஒருவருக்கு வாய்மொழியாகச் சொல்லி, அதை அவரையே திருப்பிச் சொல்லுமாறு வேண்டலாம். அவர் விட்டுவிடும் இடமே விளங்காத இடம். படத்தை முதலில் தொகுத்தவுடன், உறவினரும் நண்பரும் அல்லாத சிலருக்குக் காட்டல் வேண்டும். அப்போது அவர்களுடைய பாராட்டைக் கேட்பதைவிட, எந்த இடத்தில் அவர்கள் பார்வை திரையை விட்டு விலகுகிறது என்பதைக் குறித்துக்கொள்வதே பயன் தரும்.

இதனால் விளையும் நன்மையை ஓர் உதாரணத்தால் காண்போம். மாணவர் ஒருவர், மங்கிய ஒளியில் இருமும் முதியவர், ஒழுகும் கூரை, சோக இசை என்று ஒரு படத்தைத் திட்டமிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் புடவை வாங்குவோரிடம் சென்று பேசுகிறார். அவர்களுக்கு நெசவாளர்பால் இரக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கைத்தறியையும் விசைத்தறியையும் பிரித்தறியத் தெரியவில்லை. 2006-ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஒரு புடவைக்கு எத்தனை நாள் உழைப்பு என்பதும் தெரியாது. இவ்வாறு அறிந்தபின் அம்மாணவர் எடுக்கும் படம் வேறாக இருக்கும். இரக்கம் ஒரு முறை கண்ணீர் வரவழைக்கும். அறிவு மறுமுறையும் கடைக்கு வரச்செய்யும். நமக்கு வேண்டுவது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டறிதல் என்பது கேட்டதையெல்லாம் கொடுத்தல் அன்று. கூலி குறைவு என்ற உண்மையைப் பார்ப்பவர் விரும்பவில்லை என்பதற்காக மறைத்தல் தகாது. எதைச் சொல்வது என்பதை மனச்சாட்சியும், எப்படிச் சொல்வது என்பதை ஆய்வும் தீர்மானிக்கட்டும்.

நம் கடமை

இன்னும் ஒரு கூட்டத்தாரை மாணவர் மறந்துவிடலாகாது. அவர்கள் படத்தில் தோன்றும் நாமே. 1967-ஆம் ஆண்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த போகோ தீவில் மீனவர்கள் பெருந்துன்பத்தில் இருந்தனர். அவர்களை வேற்றிடத்தில் குடியேற்றும் பேச்சும் எழுந்திருந்தது. அத்தீவில் இயக்குநர் காலின் லோ இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். படத்தில் பேசியவர்களுக்கே முதலில் காட்டி, அவர்கள் ஒப்புதலைப் பெற்றார். பின்பு ஊர் ஊராகத் திரையிட்டு விவாதிக்கச் செய்தார். தனித்தனியே முணுமுணுத்த குறைகள் யாவர்க்கும் பொது என்பதை மக்கள் கண்டனர். அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே நிலைத்தனர்.

ஆகவே, அடுத்த முறை ஒரு மாணவர் படக்கருவியுடன் வரும்போது அவரை அன்புடன் வரவேற்போம். தறியையும் வயலையும் காட்டுவோம். ஆனால் இரண்டு வினாக்களை மட்டும் தவறாமல் கேட்போம்: "தம்பி, இதை யார் பார்க்கப் போகிறார்கள்? எங்களுக்கு எப்போது காட்டப் போகிறீர்கள்?" இவற்றிற்கு விடை தேடிச் செல்லும் மாணவர் நல்ல படத்துடன் திரும்பி வருவார்.