ரியாத் வீட்டுக் காப்பியும் விருதுநகர் ஏலக்காயும்

விருதுநகரைப் பற்றி வியாபாரிகளிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. இந்த ஊரில் எதுவும் விளையாது. ஆனால் விளைகிற எல்லாவற்றுக்கும் விலை இங்கேதான் வைப்பார்கள். வத்தல், துவரை, உளுந்து, நல்லெண்ணெய், காப்பிக்கொட்டை, சிக்கரி என்று பத்திரிகையில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் படிப்பவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது. அந்தச் சரக்குகளில் ஏலக்காயும் ஒன்று. ஏலமலையில் காய்த்து, புத்தடியிலும் போடியிலும் ஏலத்துக்கு வந்து, விருதுநகர் வியாபாரிகள் கைக்கும் வந்து போகிற காய். மழை பொய்த்தால் இதன் விலை ஏறும், காய் பெருத்தால் இறங்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அரபிக் கடலுக்கு அப்பால் சவுதி வீடுகளில் விருந்தாளிக்குக் காப்பி ஊற்றும் முறைக்கும் இந்த விலையில் பங்கு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவர்கள் அதை கஹ்வா என்கிறார்கள். நாம் குடிக்கும் காப்பியோடு அதை வைத்துப் பார்க்கவே முடியாது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ரியாத்தைச் சுற்றியுள்ள நஜ்த் பகுதியில் கொட்டையை லேசாகத்தான் வறுப்பார்கள். அதனால் காப்பி கருப்பாக இருக்காது, வெளிறிய மஞ்சளாக இருக்கும். அதில் ஏலக்காயை இடித்துப் போடுவார்கள். கிள்ளிப் போடுவதில்லை, அள்ளிப் போடுவார்கள். காப்பித்தூளுக்குச் சரிக்குச் சரி ஏலம் சேர்க்கிற வீடுகளும் உண்டு. சிலர் குங்குமப்பூவும் கிராம்பும் சேர்ப்பார்கள். பாயசத்துக்கு நாலு காய் தட்டிப் போடுகிற நம் அடுக்களைக் கணக்கு அங்கே செல்லாது. கசப்புக்குத் துணையாகத் தட்டில் பேரீச்சம்பழம் வரும்.

பழைய நாளில் விருந்தாளி கண்முன்னேயே கொட்டையை வறுத்து உரலில் இடிப்பார்கள். உலோக உரலில் உலக்கை மோதும் சத்தம் கேட்டால் அண்டை அயலாருக்கு அதுவே அழைப்பு. இப்போது மின் அரைவை வந்துவிட்டது. ஊற்றும் முறை மட்டும் மாறவில்லை. நீண்ட மூக்குள்ள ‘தல்லா’ என்ற கூஜா இடது கையில், ‘ஃபின்ஜான்’ என்ற பிடியில்லாத சின்னக் கிண்ணம் வலது கையில். வயதிலோ மதிப்பிலோ மூத்தவருக்கு முதலில். ஊற்றுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பையன்களில் இளையவர். எல்லோரும் குடித்து முடிக்கும்வரை அவர் உட்காரக் கூடாது.

கிண்ணத்தை நிரப்பவும் கூடாது. கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. நிரப்பிக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று சொன்னதாகிவிடும். நம் ஊரில் அரை டம்ளர் காப்பி கொடுத்த வீட்டுக்கு மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்கும்! அங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் மரியாதை. முதல் கிண்ணம் விருந்துக்கு, இரண்டாவது இன்பத்துக்கு, மூன்றாவது வாளுக்கு என்று பாலைவனத்து அரபிகள் சொல்வார்கள். வாளுக்கு என்றால், ஆபத்து வந்தால் இந்த வீட்டாரோடு தோளோடு தோள் நிற்பேன் என்ற உறுதி. போதுமென்றால் வாயால் சொல்ல வேண்டாம், கிண்ணத்தை இரண்டு ஆட்டு ஆட்டிக் கொடுத்தால் சரி. தெரியாத வெளியூர்க்காரர் ஆட்டாமல் நீட்டிக்கொண்டே இருப்பார். இவர்களும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் படுவது இன்னொன்று. வந்தவர் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டால், அவர் எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். பெண் கேட்டு வந்திருக்கலாம், பழைய பகையைத் தீர்க்க வந்திருக்கலாம். என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டு, முடிந்தவரை ஆகட்டும் என்று சொன்ன பிறகே அவர் கிண்ணத்தைத் தொடுவார். பஞ்சாயத்துப் பேசப் போகும் நம் பெரியவர்கள் ‘முதல்ல விஷயத்தைப் பேசுவோம், காப்பி அப்புறம்’ என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். விருந்து முடிந்தபின் அகில் புகை காட்டுவார்கள். புகை வந்துவிட்டால் எழுந்துவிட வேண்டும்.

2015-ல் சவுதி உள்ளிட்ட 4 வளைகுடா நாடுகளின் காப்பி உபசாரத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2022-ஐ ‘சவுதி காப்பி ஆண்டு’ என்று அந்த நாடு கொண்டாடியது. ஓட்டல்களில் ‘அரபிக் காப்பி’ என்று எழுதாமல் ‘சவுதி காப்பி’ என்று எழுதச் சொல்லி உத்தரவும் வந்தது. காப்பிக்கொட்டை கொஞ்சமாவது அவர்களுடைய தெற்கு மலைகளில், ஜிசான் பக்கம் விளைகிறது. ஏலக்காய்க்கோ முழுக்க வெளிநாட்டை நம்பியாக வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த ஏலக்காய் பெரும்பாலும் நம் மலையிலிருந்துதான் போனது. சவுதிக்காரருக்குக் காய் பருவெட்டாக இருக்க வேண்டும், வாய் வெடிக்கக் கூடாது, பச்சை மங்கக் கூடாது. எட்டு எம்.எம். காய்க்கு இங்கே தனி விலை கிடைப்பதும், தோட்டத்து ஸ்டோர்களில் நிறம் போகாமல் காயை உலர்த்தப் படாத பாடு படுவதும் பெரும்பாலும் அந்தக் கண்களுக்காகத்தான். போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களின் கூலியும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

போட்டி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஏலச்செடியைக் கொண்டுபோய் நட்டார். அந்நாட்டு மக்கள் ஏலக்காயைப் பெரிதாகச் சீந்துவதில்லை. விளைவது ஏறக்குறைய முழுவதும் ஏற்றுமதிக்கு. விலையும் குறைவு. 1980களில் வளைகுடாச் சந்தையில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள்.

விருதுநகருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இங்குள்ள நாடார் உறவின்முறை வியாபாரச் சரக்கின் மேல் மகமை பிடித்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் வளர்த்தது. 1880களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். மகமைக்கு ஏலக்காய் மூட்டை மட்டும் விலக்காக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அப்படியானால் நஜ்த் வீடுகளின் காப்பிக்கும் நம் பிள்ளைகளின் சிலேட்டுக்கும் ஏதோ தொடர்பு இருந்திருக்க வேண்டும்.

ஏலக்காய் வியாபாரி சிவகாசி தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது பிறைக் கணக்கையும் பார்ப்பது நல்லது. நோன்பு மாதத்தில் சவுதியில் கஹ்வா பெருகும். அதற்கு முன்பே கொள்முதல் சூடுபிடிக்கும். ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. 2030-ல் ஜனவரியில் ஒரு முறை, டிசம்பரில் மறுபடி ஒரு முறை என ஒரே ஆண்டில் இரண்டு நோன்புகள் பிறக்கும். அதாவது கொள்முதல் நேரமும் நம் மலையில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் நேரமும் ஒன்றாகச் சேரப் போகிறது.

இடையில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2018 வாக்கில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று சவுதி நம் சரக்கைத் திருப்பியது. அடுத்த ஆண்டே, வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பின் விளைச்சல் சுருங்கியதால், புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய் வந்தது. அந்த மயக்கத்தில் எச்சப் பேச்சு அமுங்கிப்போனது. பிறகு விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தபோதுதான் திருப்பிய ஆளின் அருமை தெரிந்தது. தோட்டக்காரர்கள் மருந்தடிப்பைக் குறைக்க வேண்டும். வியாபாரிகள் எட்டு எம்.எம். காய்க்குக் கொடுக்கும் கூடுதல் விலையை மருந்து எச்சமில்லாத காய்க்கும் கொடுக்கத் தொடங்க வேண்டும். 2030-க்குள் இதைச் செய்யாவிட்டால் அந்த இரண்டு நோன்புக்கும் குவாத்தமாலாக் காய்தான் போகும்.