பெல்ட் போனது... நம்பிக்கையும் போனதா? பிரெஞ்சு ஹைப்ரிட் கார்கள் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

பிரான்ஸ் கார் சந்தையில் ஒரு வேடிக்கை உண்டு. 'எங்கள் நாட்டில் செய்த காரைத்தான் வாங்குவேன்' என்று ஒருவர் பிடிவாதமாகக் கிளம்பினால், கடைசியில் ஜப்பான் கம்பெனியின் காரில் வீட்டுக்கு வர வாய்ப்பு அதிகம். டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட் தயாராவது வடக்கு பிரான்ஸில், வலென்சியென் நகருக்குப் பக்கத்திலுள்ள ஒனாங்கில். பிரெஞ்சுக்காரர்களின் செல்லக் காரான ரெனோ கிளியோவோ துருக்கியின் பர்சா நகரத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது!

அதனால் அங்கே ஹைப்ரிட் கார் பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், டொயோட்டாவோடு ஒப்பிடுவதில்தான் போய் முடிகிறது. ரெனோ, பியூஜோ, சிட்ரோன்... மூன்றுமே ஹைப்ரிட் விற்கின்றன. டிசைன் அழகு, சீட் சொகுசு, மேடுபள்ளத்தில் குலுங்காத சஸ்பென்ஷன் ஆகியவற்றில் யாருக்கும் பெரிய புகார் இல்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பத்து வருஷம் தாங்குமா?"

சாதாரண சந்தேகம் இல்லை இது. ஐரோப்பிய யூனியனில் 2024-ல் விற்ற புதிய கார்களில் 30.9 சதவிகிதம் ஹைப்ரிட். பெட்ரோல் கார்கள் 33.3 சதவிகிதம். அதாவது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு குடும்பம் ஹைப்ரிட் பக்கம் போய்விட்டது. ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் போடும் பொருள் கார். அது நடுரோட்டில் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானதுதானே?

ஹைப்ரிட் என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. குழப்பமே இங்கேதான். மேலே சொன்ன 30.9 சதவிகிதத்தில், மோட்டார் சும்மா கைகொடுக்கும் 'மைல்டு ஹைப்ரிட்'டும் உண்டு. மோட்டாரிலேயே கொஞ்சதூரம் ஓடும் 'ஃபுல் ஹைப்ரிட்'டும் உண்டு. பிளக் செருகி சார்ஜ் போடும் 'பிளக்-இன்' தனிக் கணக்கு. ரெனோவின் இ-டெக் ஃபுல் ஹைப்ரிட். பியூஜோ, சிட்ரோன் கார்களில் இப்போது பரவலாக வரும் 48 வோல்ட் ஹைப்ரிட், மைல்டு வகையைச் சேர்ந்தது. ஆனால், மெதுவாக ஊரும்போது அதுவும் மோட்டாரிலேயே நகரும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'பிரெஞ்சு ஹைப்ரிட் மோசம்' என்றோ, 'சூப்பர்' என்றோ சொல்வது சரிவராது. ஆனாலும், மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதற்குப் பழைய காயங்களும் காரணம். 2001-ல் வந்த ரெனோ லகூனா இரண்டாம் தலைமுறை, யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கிய முதல் கார். சாவிக்குப் பதில் கார்டு, டயர் பிரஷர் சென்ஸார் என்று அந்தக் காலத்துக்கு ஏகப்பட்ட புதுமைகள். ஆனால், வாங்கியவர்கள் நினைவில் நின்றது ஐந்து ஸ்டார் அல்ல; எலெக்ட்ரானிக்ஸ் கோளாறுகளும் ஒர்க்‌ஷாப் நடையும்தான். பெயர் எந்த அளவுக்குக் கெட்டது என்றால், 2006-ல் ரெனோவின் தலைவராக இருந்த கார்லோஸ் கோஸ்ன், அடுத்த லகூனா தன் பிரிவில் தரத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வரவேண்டும் என்பதையே கம்பெனியின் இலக்காக அறிவிக்க வேண்டியிருந்தது. அப்பா வாங்கிய லகூனாவை நினைத்துக்கொண்டு, இன்றைக்கு மகன் கிளியோ ஹைப்ரிட்டைச் சந்தேகமாகப் பார்க்கிறான் என்றால் ஆச்சர்யமில்லை.

எண்ணெயில் ஊறிய பெல்ட்

லகூனா பழைய கதை. இப்போது பிரெஞ்சுக்காரர்களை நிஜமாகவே கோபப்படுத்திய கதை, பியூர்டெக்.

பியூஜோ 208, 2008, 308, சிட்ரோன் சி3 என்று லட்சக்கணக்கான கார்களில் இருந்த 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இது. 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு வருடங்கள், தன் பிரிவில் 'இன்டர்நேஷனல் இன்ஜின் ஆஃப் தி இயர்' விருது வாங்கியது. விருது கொடுத்தவர்கள் இன்ஜினின் வேகத்தையும் மைலேஜையும் பார்த்தார்கள். உள்ளே இருந்த பெல்ட்டைக் காலம் பார்த்துக்கொண்டது.

வழக்கமாக டைமிங் பெல்ட் இன்ஜினுக்கு வெளியே, எண்ணெய் படாமல் ஓடும். பியூர்டெக்கில் அது இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும். உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது கணக்கு. ஆனால், குட்டிக் குட்டிப் பயணங்களில் இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் போகும்போது, எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. அந்தக் கலவையில் ஊறி பெல்ட் உப்புகிறது, உரிகிறது. உரிந்த துணுக்குகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கின்றன. ஆயில் பிரஷர் இறங்குகிறது. சில கார்களில் பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்ப் வரைக்கும் பாதிப்பு போனது. கடைசியில் இன்ஜினையே மாற்ற வேண்டிய நிலை. பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஊருக்குள்ளேயே ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள். சின்ன கார் வாங்குவதே அதற்குத்தானே!

பியூஜோ, சிட்ரோனின் தாய் நிறுவனமான ஸ்டெல்லான்டிஸ், 2024 மார்ச்சில் இறங்கிவந்தது. பெல்ட் சீக்கிரம் கெட்டாலோ, இன்ஜின் அளவுக்கு மீறி ஆயில் குடித்தாலோ, 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை வாரன்டி என்று அறிவித்தது. ஏற்கெனவே கைக்காசு போட்டு ரிப்பேர் பார்த்தவர்களுக்கு, 2025 ஜனவரியில் இணையம் வழியாக இழப்பீடு கேட்கும் வசதியும் வந்தது. ஆனால், 2022 ஜனவரி 1-க்குப் பிறகு செலவு செய்தவர்களுக்குத்தான் அந்த வசதி. அதற்கு முன்பே பணத்தைக் கொட்டியவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விடுபட்டவர்களுக்கும் சிக்கல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெயில் ஊறிய அந்தப் பெல்ட் பியூஜோவின் ஹைப்ரிட் கார்களில் இல்லை! 2023-ல் வந்த 48 வோல்ட் ஹைப்ரிட்டில் இருப்பது அதே 1.2 லிட்டர் அளவுதான் என்றாலும், பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆறு கியர் டூயல் கிளட்ச் பெட்டிக்குள்ளேயே 21 கிலோவாட் மோட்டார். பழைய 3008 பிளக்-இன்னில் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின், அதுவும் செயின்தான். ஆனால், '1.2, மூன்று சிலிண்டர், பியூஜோ' என்றதுமே ஓடுபவரை நிறுத்தி வைத்து செயின் கதை சொல்ல முடியுமா? சூடுகண்ட பூனை கதைதான். கம்பெனியும் இதைப் புரிந்துகொண்டதுபோல, புது ஹைப்ரிட்களில் பியூர்டெக் என்ற பெயரை முன்னிறுத்தாமல் 'ஹைப்ரிட்' என்று மட்டும் சொல்லி விற்கிறது.

லெகோவில் பிறந்த கியர்பாக்ஸ்

ரெனோவின் கதை வேறு ரகம். ஹைப்ரிட் என்றாலே டொயோட்டா முறைதான் என்று இருந்த காலத்தில், அங்கே நிக்கோலா ஃப்ரெமோ என்ற இன்ஜினீயர் வேறு வழியைத் தேடிக்கொண்டிருந்தார். மகனின் லெகோ டெக்னிக் பல்சக்கரங்களைப் பார்த்தவருக்கு ஐடியா வந்தது. தானும் லெகோ வாங்கி, விடுமுறையில் வீட்டிலேயே கியர்பாக்ஸ் மாடல் ஒன்றைக் கட்டிவிட்டார். அதை அப்படியே எடுத்துப்போய் மேலதிகாரிகள் மேஜையில் வைத்தார். அந்தப் பொம்மைதான் பல வருட உழைப்புக்குப் பிறகு, 2020-ல் கிளியோ இ-டெக்காக ரோட்டுக்கு வந்தது.

இதில் கிளட்ச் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. ரேஸ் கார்களில் இருப்பதுபோல் பல்லும் பல்லும் நேராகக் கோத்துக்கொள்ளும் 'டாக் கிளட்ச்' அமைப்பு. இன்ஜினுக்கு நாலு கியர், மின்மோட்டாருக்கு இரண்டு. இரண்டாவது சின்ன மோட்டார் ஒன்று, கியர் மாறும்போது வேகத்தைச் சரிக்கட்டித் தருகிறது. கார் எப்போதும் மின்சாரத்தில்தான் நகர ஆரம்பிக்கும். 1.2 கிலோவாட் அவர் குட்டி பேட்டரியை வைத்துக்கொண்டு, ஊருக்குள் ஓடும் நேரத்தில் 80 சதவிகிதம் வரை மின்சாரத்திலேயே ஓடலாம் என்கிறது ரெனோ. கம்பெனி கணக்கில் கொஞ்சம் உப்பைக் குறைத்தே சாப்பிட வேண்டும் என்றாலும், நகரத்துக்குள் மைலேஜ் விஷயத்தில் ஓட்டுகிறவர்கள் பொதுவாகத் திருப்தியாகவே இருக்கிறார்கள்.

இன்ஜின் விஷயத்தில் ரெனோ ரிஸ்க் எடுக்கவில்லை. டர்போ இல்லாத 1.6 லிட்டர், செயின் வைத்தது. கூட்டாளி நிசான் கார்களில் நெடுநாள் ஓடிப் பழகியது. மெக்கானிக்குகள் இதைப் பிளஸ் பாயின்ட்டாகச் சொல்வதும் அதனால்தான்.

அப்புறம் குறை என்ன? மலைப்பாதை. நீண்ட ஏற்றத்தில் பேட்டரி காலியானால், இன்ஜின் அலறும்; கியர் மாறும்போது ஒரு விநாடி யோசிக்கும். ஆல்ப்ஸ் பக்கம் குடும்பத்தோடு லக்கேஜ் ஏற்றிப் போகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. பல்சக்கரம் கெட்டதாக வரும் புகார்களைவிட, எச்சரிக்கை விளக்கு, 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போவது, சாஃப்ட்வேர் அப்டேட்டுக்காக ஒர்க்‌ஷாப் போவது போன்றவைதான் அதிகம் காதில் விழுகின்றன. கார் நிற்பதில்லை, ஆனால், நிம்மதியாக விடுவதும் இல்லை என்ற வகை எரிச்சல்.

பணம் திரும்புமா?

ஒரு சின்ன கணக்கு. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம். பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர், ஹைப்ரிட் 4.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 225 லிட்டர். லிட்டர் 1.75 யூரோ என்றால், வருடத்துக்குச் சுமார் 394 யூரோ. ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாக 4,000 யூரோ கொடுத்திருந்தால், போட்ட காசு திரும்பவே பத்து வருடம் ஆகும். 'பத்து வருஷம் தாங்குமா' என்ற கேள்வியின் அர்த்தம் இப்போது புரிகிறதா? நடுவில் ஒரு பெரிய ரிப்பேர் வந்தால், மொத்தக் கணக்கும் தலைகீழ்.

ஆனால், பிரான்ஸில் வரியும் ஒரு பக்கம் தள்ளுகிறது. 2025-ல் கிலோமீட்டருக்கு 113 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு விடும் புது காருக்கு 'மாலுஸ்' என்ற அபராத வரி. பல பெட்ரோல் கார்கள் இதில் மாட்டும். கிளியோ இ-டெக் போன்றவை தப்பித்துவிடும். அதனால் ஹைப்ரிட்டை விரும்பி வாங்குபவர்களோடு, வரிக்குப் பயந்து வாங்குபவர்களும் உண்டு.

டொயோட்டா ஜெயிப்பது இங்கேதான். தன் சர்வீஸ் சென்டருக்கே தொடர்ந்து வந்தால், வாரன்டியைப் பத்து வருடம் வரை நீட்டித்துத் தருகிறது. 1997-ல் பிரியஸ் வந்ததிலிருந்து சேர்த்த பெயரும் கூட நிற்கிறது. பாரிஸ் டாக்சி வரிசையில் டொயோட்டா ஹைப்ரிட்கள் அத்தனை தெரிவதற்கு வேறு விளம்பரம் தேவையில்லை. டாக்சிக்காரர் கணக்கு தெரிந்தவர்!

செகண்ட்ஹேண்ட் சந்தையில்தான் பொதுக்கருத்து அப்பட்டமாக விலையாக மாறுகிறது. நல்ல நிலையிலுள்ள பியூஜோவையும், '1.2 தானே?' என்று கேட்டு விலை குறைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு இது லாபம். செயின் வைத்த ஹைப்ரிட்டை, பெல்ட் பயத்தின் விலையில் அள்ளிப்போகலாம். பிளக்-இன் வாங்குபவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. நிஜ உபயோகத்தில் பிளக்-இன் கார்கள் விடும் கார்பன், சோதனைச்சாலை கணக்கைப்போல மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையமே 2024 மார்ச்சில் சொன்னது. காரணம் ரொம்பச் சாதாரணம். பலர் பிளக்கைச் செருகுவதே இல்லை.

பழைய பியூஜோ 3008 ஹைப்ரிட்4 யாராவது விற்றால், அது இன்னும் தனி ரகம். உலகின் முதல் டீசல் ஃபுல் ஹைப்ரிட் கார் என்ற பெருமையோடு வந்தது. முன்சக்கரத்துக்கு டீசல் இன்ஜின், பின்சக்கரத்துக்கு மோட்டார். அந்தத் தொழில்நுட்பத்தைக் கம்பெனியே கைவிட்டுவிட்டதால், அதைத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுவதே தனி வேலை.

இதெல்லாம் பிரான்ஸ் சமாச்சாரம் என்று ஒதுக்கவும் முடியாது. 2012-ல் இந்தியாவை ஒரு கலக்குக் கலக்கிய டஸ்டர், புது அவதாரத்தில் திரும்பியிருக்கிறது. அதில் இ-டெக் ஹைப்ரிட் வகையும் உண்டு என்று ரெனோ அறிவித்திருக்கிறது. ரெனோவின் தொழிற்சாலை இருப்பது சென்னையை அடுத்த ஒரகடத்தில். போட்டியும் பழைய ஆள்தான்: மாருதி கிராண்ட் விட்டாராவிலும், டொயோட்டா ஹைரைடரிலும் 2022 முதலே டொயோட்டாவின் ஹைப்ரிட் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.